வாட்டர் டெம்பிளின் நடுக்கோபுரச் சாவி: கவனக்குறைவா, வடிவமைப்புக் கோளாறா?

இரும்புக்கால்
வேறொரு இழையில் ஒருவர், "ஓக்கரினா ஆஃப் டைமின் வாட்டர் டெம்பிளில் மாட்டிக்கொள்பவர்கள் கவனமில்லாதவர்கள், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. 1998-ல் நிண்டெண்டோ 64 கன்சோலில் வெளிவந்த செல்டா வீடியோ ஆட்டம் அது. வாட்டர் டெம்பிள் அதில் வரும் ஒரு டஞ்சன், அதாவது புதிர்களும் பூட்டிய கதவுகளும் நிறைந்த ஒரு கட்டடம். அதில் இவ்வளவு பேர் ஒரே டஞ்சனில், ஒரே சாவிக்காகத் திண்டாடியிருக்கிறார்கள் என்றால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கவனம் போய்விட்டதா?

எந்தச் சாவி என்று எல்லாருக்கும் தெரியும். நடுக்கோபுரத்துக்குள் இருக்கும் கல்வெட்டின் முன் நின்று ஓக்கரினாக் குழலில் செல்டாவின் தாலாட்டு என்ற மெட்டை வாசித்தால் தண்ணீர் நடு மட்டத்துக்கு ஏறும். கூடவே ஒரு தடுப்புக் கல் மிதந்து எழும்பும். அதன் அடியில் ஒரு குழி இருக்கிறது, அங்கே இறங்கினால்தான் சாவி. தண்ணீர் ஏறிவிட்டது என்றதும் எவனும் கோபுரத்தை விட்டு வெளியே ஓடத்தான் பார்ப்பான். கீழே குனிந்து பார்க்க யாருக்குத் தோன்றும்?

ஏரிக்கரையான்
எழுதியது நான்தான். பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம்.

குனிந்து பார்க்க எனக்குத் தோன்றியது. அந்தக் கல் நீங்கள் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே இருந்ததுதானே? தண்ணீர் ஏறியதும் அது மேலே வந்துவிட்டது. அப்படியென்றால் அது இருந்த இடம் காலி. இதைக் கண்டுபிடிக்க என்ன வித்தை வேண்டும்? அந்த டஞ்சன் முழுக்க ஒரே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறது: தண்ணீரின் மட்டம் மாறினால் அறை மாறும். மூன்று மட்டம், மூன்று கல்வெட்டு. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஏற்கெனவே பார்த்த இடத்தை மறுபடி பார்க்க வேண்டும். அது புரியாதவர்கள்தான் சாவியைக் குறை சொல்கிறார்கள்.

சாவிக்கொத்து
ஒரு கேள்வி. கஷ்டமான டஞ்சன் என்பதும் மோசமாக வடிவமைத்த டஞ்சன் என்பதும் ஒன்றா? முதலில் அதை முடிவு செய்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

இரும்புக்கால்
அதெல்லாம் அப்புறம். சாவிக்கு வருவோம்.

ஏரிக்கரையான் அவர்களே, உங்களுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்த விஷயம் என்றால், 2011-ல் 3டிஎஸ் கையடக்கக் கருவிக்கான மறுபதிப்பு வந்தபோது கேமராவைத் திருப்பி அந்தக் கல் மிதப்பதைத் தனியாக ஏன் காட்டினார்கள்? சுவரில் வண்ணக் கோடுகள் போட்டுக் கல்வெட்டுகளுக்கு வழி ஏன் காட்டினார்கள்? உங்களைப் போன்ற மேதைகளுக்காகவா?

ஏரிக்கரையான்
புலம்பியவர்களுக்காக. கேமரா காட்டிய பிறகு அங்கே புதிர் என்று என்ன மிச்சம்? கல் மிதக்கிறது, அடியில் குழி இருக்கிறது, போய் எடுத்துக்கொள். கண்டுபிடிக்கும் சுகத்தையே பிடுங்கிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தச் சாவி ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. திசைகாட்டி எடுத்துவிட்டால் பெட்டி எங்கே என்று வரைபடமே காட்டும். கோபுரத்தின் அடியில் குறி இருக்கும். வரைபடத்தைத் திறந்து பார்க்காதவர் வடிவமைப்பைப் பற்றிப் பேச வரக்கூடாது.

ரூட்டோ ரசிகை
வரைபடத்தில் குறியைப் பார்த்தேன் அண்ணா. பார்த்த பிறகும் வழி தெரியவில்லை. குறி கோபுரத்தின் அடியில் இருக்கிறது, சரி. ஆனால் தண்ணீர் கீழ் மட்டத்தில் இருக்கும்போது அந்த இடத்தில் கல் உட்கார்ந்திருக்கிறது. மேல் மட்டத்திலிருந்து இறங்கி வந்து தேடியவர்களும் உண்டு. எந்த மட்டத்தில் திறக்கும் என்று குறி சொல்லாதே.

அந்த ஆட்டத்திலேயே ஃபாரஸ்ட் டெம்பிளைப் பாருங்கள். நடுக்கூடத்தில் நான்கு பந்தங்கள். 'போ' என்ற பேய் ஒன்றை அடித்தால் ஒரு பந்தம் எரியும். எத்தனை மிச்சம் என்று அந்தக் கூடமே சொல்லிவிடும். வாட்டர் டெம்பிளில் ஒரு சாவி குறைகிறது என்பது பூட்டிய கதவு முன்னால் நிற்கும்போதுதான் தெரியும். எந்த அறையில் விட்டோம் என்று தெரியாமல் மட்டத்தை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி... அந்த அலைச்சலைத்தான் எல்லாரும் திட்டுகிறார்கள்.

இரும்புக்கால்
அப்படிக் கேளுங்கள்!

ஏரிக்கரையான்
ஃபாரஸ்ட் டெம்பிளை இழுக்காதீர்கள். அது பேய் வேட்டை, இது பொறி. முழுக் கட்டடமும் ஒரே இயந்திரமாக வேலை செய்யும் டஞ்சன் அந்த ஆட்டத்தில் இது ஒன்றுதான். அதைப் பாராட்ட மனசு வேண்டும்.

கல் மிதக்கிறது. அடியில் குழி. இதற்கு மேல் என்ன சொல்ல?

பழைய_கார்ட்ரிட்ஜ்
சாவியை விடுங்கப்பா. உண்மையான தொல்லை பூட்ஸ்தான். தண்ணீருக்கு அடியில் நடக்க இரும்பு பூட்ஸ் வேண்டும். அதைப் போட ஸ்டார்ட் அழுத்து, பக்கம் திருப்பு, போடு, வெளியே வா. நான்கு அடி நடந்ததும் மறுபடி ஸ்டார்ட், கழற்று, மிதந்து மேலே போ. இதற்காக டஞ்சன்களை வடிவமைத்த ஆவோனுமாவே பேட்டியில் வருத்தம் தெரிவித்திருக்கிறார். 3டிஎஸ்-ல் பூட்ஸை ஒரு பட்டனில் வைத்த பிறகு அதே டஞ்சன் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது!

ஏரிக்கரையான்
அவர் வருந்தியது பூட்ஸுக்கு. சாவிக்கு இல்லை. இரண்டையும் கலக்காதீர்கள்.

இரும்புக்கால்
பூட்ஸ் தொல்லை இருப்பதால்தான் குழிக்குள் இறங்கிப் பார்க்கவே யாருக்கும் மனசு வரவில்லை! சந்தேகப்படும் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு முறை மெனு திறக்க வேண்டும் என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? இரண்டும் ஒரே நோய்தான்.

ஏரிக்கரையான்
சோம்பேறித்தனத்துக்கு நோய் என்று பெயர் வைக்கலாம் போலிருக்கிறது.

அடுத்து வந்த செல்டா ஆட்டமான மஜோராஸ் மாஸ்க் பற்றிய இழையில் ஸ்டோன் டவர் டெம்பிளைத் தலைகீழாகத் திருப்பத் தெரியாமல், "ஆட்டத்தில் பிழை" என்று புகார் எழுதியவர் யார் என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். ஒளி அம்பு விட வேண்டும் என்று நான்தான் அங்கே சொன்னேன். அதற்கு நன்றி என்ற ஒரு வார்த்தைகூட வரவில்லை.

இரும்புக்கால்
வந்துவிட்டதா பழைய கதை! அந்த இழையில் நான் கேட்டது வேறு, நீங்கள் பதில் சொன்னது வேறு. யாரும் கேட்காமலே அந்த டஞ்சனின் கடைசி எதிரியான பாஸ் யார் என்பது வரைக்கும் போட்டு உடைத்தீர்கள். அதற்கு நன்றி வேறு வேண்டுமா?

நவியின்_குரல்
இருவரும் தனிமடலில் போய்ச் சண்டை போடுங்கள். இந்த டஞ்சனில் நாயகன் லிங்கின் நிழலாக வரும் எதிரி டார்க் லிங்க் பற்றி யாரும் பேசவே இல்லையே. தண்ணீர் விரிந்து கிடக்கும் அந்த அறை, நடுவில் ஒற்றை மரம், திரும்பிப் பார்த்தால் நம் நிழலே உருவமாக நிற்கிறது. வாளால் குத்தினால் வாள் மேலேயே ஏறி நிற்பான். அந்த ஒரு அறைக்காகவே மற்றதையெல்லாம் மன்னிக்கலாம்.

பழைய_கார்ட்ரிட்ஜ்
சுத்தியலை எடுத்தால் அவன் திணறுவான். வாளோடு போராடுவது வீண்.

ரூட்டோ ரசிகை
சுத்தியலால் அடிப்பதெல்லாம் ஒரு சண்டையா? வாளுக்கு வாள் நின்றால்தான் அந்த அறைக்கு மரியாதை.

பழைய_கார்ட்ரிட்ஜ்
ஆட்டத்திலேயே கொடுத்த ஆயுதம்மா. திருட்டு வழி இல்லையே.

சாவிக்கொத்து
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஏரிக்கரையான்
என் பதில் முதல் பதிவிலேயே இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள். மட்டம் மாறினால் அறை மாறும். கல் மேலே வந்தால் கீழே இடம் இருக்கும். கேமரா காட்டிக்கொடுத்த பதிப்பில் விளையாடியவர்கள் இந்த விவாதத்தில் வாக்களிக்கவே கூடாது என்பேன்.

ரூட்டோ ரசிகை
நான் விளையாடியது 64-ல்தான் அண்ணா. இப்போது நான் பேசலாமா?

ஏரிக்கரையான்
பேசலாம். ஆனால் வழிகாட்டிப் புத்தகம் இல்லாமல் முடித்தீர்களா என்று முதலில் சொல்லுங்கள்.

இரும்புக்கால்
ரசிகை, பதில் சொல்லாதீர்கள். நாளைக்கு எந்த டிவியில் விளையாடினீர்கள் என்று கேட்பார். ஏரிக்கரையான், ஒரே ஒரு கேள்வி. புதிர் அவ்வளவு சரியாக இருந்தால், செய்தவர்களே அந்த ஒரு கல்லுக்காகத் தனியாக ஒரு காட்சியை ஏன் சேர்த்தார்கள்? இதற்கு மட்டும் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள்.

ஏரிக்கரையான்
சொல்லிவிட்டேன். புலம்பியவர்களுக்காக.

இரும்புக்கால்
அது பதில் இல்லை.

ஏரிக்கரையான்
உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதால் அது பதில் இல்லை என்று ஆகிவிடாது. கல் மிதக்கிறது. அடியில் குழி.