ஊசி போடும் முன் கேட்ட பாடம்

மதுரையிலிருந்து:
கல்யாணமாகி ஆறு வருடம். ஐவிஎஃப், அதாவது முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி உள்ளே வைக்கும் சிகிச்சை, தொடங்கும் முன் ஒரு சனிக்கிழமை எங்களோடு இன்னும் நான்கு ஜோடிகளை உட்காரவைத்து, நர்ஸ் அக்கா ஒருவர் இரண்டு மணி நேரம் பேசினார். பஞ்சில் ஊசி குத்திப் பழகினோம். என் வீட்டுக்காரருக்குத்தான் கை நடுங்கியது, எனக்கில்லை.

முட்டையைக் கடைசியாக முதிரவைக்கும் ட்ரிக்கர் ஊசிக்குக் குறித்துக் கொடுத்த நேரம் இரவு பத்தரை என்றால் பத்தரைதான் என்றார் அக்கா. ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டையை எடுத்தாக வேண்டும். முந்தினால் முதிர்ந்திருக்காது, பிந்தினால் தானே வெளியேறிவிடும். அன்றைக்குப் பார்த்து வீடு நிறைய விருந்தாளிகள். பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்காரரே போட்டுவிட்டார்.

கரு வைத்த நாலாம் நாள் ஆசை தாங்காமல் கர்ப்பம் பார்க்கும் அட்டையில் பார்த்தேன். இரண்டு கோடு! எனக்குப் போட்ட ட்ரிக்கர் மருந்தே கர்ப்ப ஹார்மோன்தான், அது உடம்பில் இருக்கும்வரை பொய்க்கோடு காட்டும் என்று வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. அம்மாவுக்குப் போட இருந்த போனை வைத்துவிட்டேன். பதினான்காம் நாள் ரத்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தது. அழுதேன்தான். ஆனால் ஊரைக் கூட்டிவிட்டு அழவில்லை.

திருப்பூரிலிருந்து:
ஆம்பளைகளுக்கும் யாராவது சொல்லித்தாருங்கள். முதலில் போன இடத்தில் விந்துப் பரிசோதனைக்கு டப்பாவைக் கையில் திணித்தார்கள், அவ்வளவுதான். அதற்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. எண்ணிக்கை குறைவு என்று வந்ததும் ஒரு மாதம் மனைவி முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வேறு இடத்தில் கவுன்சலர்தான் கேட்டார்: "சமீபத்தில் காய்ச்சல் வந்ததா தம்பி?" டைபாய்டு வந்திருந்தது. விந்தணு உருவாகி வெளிவர மூன்று மாதம் போல ஆகுமாம், கடும் காய்ச்சல் அதைக் குறைக்குமாம். பொறுத்திருந்து மறுபடி கொடுத்தேன், பரவாயில்லாமல் வந்தது.

சேலத்திலிருந்து:
வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, இரட்டைக் கர்ப்ப ஆபத்து எல்லாவற்றையும் மருத்துவமனை விளக்கியாக வேண்டும் என்று செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய 2021 சட்டமே சொல்கிறது. தயங்காமல் கேளுங்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "என் வயசுக்காரங்களுக்கு இங்கே எத்தனை பேருக்குக் கரு நின்னிருக்கு?" டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.