கறிவேப்பிலைச் செடி, ஜன்னல் வெளிச்சம், வாசல் கோலம்: வீட்டோடு எடுக்கும் படங்கள்

மதுரை

வேலை, சமையல், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் போக, கேமராவுக்குக் கிடைப்பது காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. அந்த நேரத்துக்குள் வீட்டைவிட்டு நகராமல் எடுக்கக்கூடியவற்றை ஊருக்கு ஒருவராக இங்கே சேர்ப்போம். என்ன பார்த்தீர்கள், எந்த லென்ஸ், எப்படிப்பட்ட வெளிச்சம், எங்கே கெடுகிறது என்பதை மட்டும் எழுதுங்கள்.

என் பங்குக்குக் கறிவேப்பிலைச் செடி. ஒரு தொட்டிச் செடி போதும், காமன் மார்மன் என்ற கருப்பு வண்ணத்துப்பூச்சி தேடி வந்து முட்டை வைக்கும். எலுமிச்சைக்கும் வரும். கொழுந்து இலைகளில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவில் வெளிர்மஞ்சள் உருண்டையாக முட்டை தெரியும். பொரிந்து வரும் சின்னப் புழு பழுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம் போலவே இருப்பதால் பலர் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுகிறார்கள். கடைசித் தோலை உரித்த பிறகுதான் பச்சையாகிறது. இலைக்காம்பால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கவைக்கொம்பு ஒன்றை நீட்டும், கூடவே ஒரு நெடி. ஒரு படத்துக்கு ஒருமுறை தொட்டால் போதும். திரும்பத் திரும்பச் சீண்டினால் புழு தின்பதை நிறுத்திவிடும்.

உள்ளே வைத்து வளர்க்க, இலைக்கொத்தை வெட்டித் தண்ணீர் பாட்டிலில் செருகுங்கள். பாட்டில் வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும், இல்லையென்றால் புழு காம்பு வழியே இறங்கித் தண்ணீரில் மூழ்கிவிடும். கடையில் வாங்கிய கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். அதிலிருக்கும் பூச்சிமருந்துக்குப் புழு தாங்காது, கழுவினாலும் முழுவதும் போகாது. முற்றிய புழு தின்பதை விட்டு அலைய ஆரம்பிக்கும்போது ஒரு காய்ந்த குச்சியைச் சாய்த்து வையுங்கள். வால்நுனியைக் குச்சியில் ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும்.

கூடு கருத்து, உள்ளேயிருக்கும் இறக்கை வடிவம் தோலுக்கு வெளியே தெரிந்தால் பெரும்பாலும் மறுநாள் காலை வெளிவரும். முந்தின இரவே எல்லாவற்றையும் அமைத்துவிடுவது நல்லது. 50 மி.மீ. லென்ஸ், 12 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்), டிரைபாட், லென்ஸ் துளை எஃப்/8. பின்னால் இரண்டடி தள்ளி அடர்பச்சைச் சேலை ஒன்றைத் தொங்கவிடுங்கள். மின்விசிறியை நிறுத்தாவிட்டால் எல்லாப் படமும் ஆடும். கூட்டின் தோல் வெடித்து வெளியே வர ஓரிரு நிமிடம்தான். ஈரத்துணி மாதிரி சுருண்டிருக்கும் இறக்கை விரிய 10 முதல் 20 நிமிடம் ஆகும். பத்து விநாடிக்கு ஒன்று என்று இன்டர்வெலில் போட்டுவிட்டு நீங்கள் இட்லி ஊற்றப் போகலாம். கீழே சொட்டும் செந்நீர் கழிவுநீர்தான், ரத்தமில்லை; பிள்ளைகள் பயந்தால் சொல்லிவிடுங்கள். கூட்டுக்குக் கீழே ஒரு சாண் இடம் காலியாக இருக்க வேண்டும். இறக்கை எங்காவது இடித்தால் மடங்கியபடியே காய்ந்து, பூச்சி பறக்கவே முடியாமல் போகும்.

கூடு அப்படியே நின்று, சின்ன ஓட்டை தெரிந்தால் ஒட்டுண்ணிக் குளவி வேலை. உங்கள் கவனிப்பில் குறையில்லை.

வெளிவந்தது பெண் என்றால் நன்றாகப் பாருங்கள். ஒரு வகைப் பெண் ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று, ஆடுதின்னாப்பாளை இலையைத் தின்று நஞ்சேறிய காமன் ரோஸ் பூச்சியைப் போல வெள்ளையும் சிவப்புமாக வேஷம் போட்டிருக்கும். இரண்டையும் பிரிப்பது உடல்: ரோஸுக்கு உடல் சிவப்பு, மார்மனுக்குக் கருப்பு. அதனால் பக்கவாட்டில் ஒரு படம் கட்டாயம் எடுங்கள்.

நாகர்கோவில்

மதுரை நண்பர் சொன்ன டியூப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. டியூபின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் கூடுதல் உருப்பெருக்கம் கிடைக்கும். 31 மி.மீ. டியூப், 50 மி.மீ. லென்ஸ் என்றால் 0.62. லென்ஸின் சொந்த அளவையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 0.8 மடங்கு. குதிக்கும் சிலந்திக்கு இது போதும். மின்தொடர்பு இல்லாத மலிவு டியூபை வாங்காதீர்கள். கேனான் லென்ஸ் அதில் முழுத் துளையும் திறந்தபடி நின்றுவிடும், உங்களால் எஃப்/8க்குக் கொண்டுவர முடியாது. தொடர்புள்ள டியூபுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணில்லை. ஏற்கெனவே 55-250 லென்ஸ் வைத்திருப்பவர்கள் ரேனாக்ஸ் 250 குளோசப் கண்ணாடியைக் கவ்வ வைத்தால் முடிந்தது. பொருளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஏறத்தாழ 12 செ.மீ. இடைவெளி கிடைக்கும்.

ஒன்றுக்கு ஒன்று அளவில், அதாவது பூச்சி சென்சாரில் அதே அளவில் விழும்போது, எஃப்/11 வைத்தாலும் ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமராவில் கூர்மையாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்காக எஃப்/22க்குப் போகாதீர்கள். இந்த உருப்பெருக்கத்தில் எஃப்/11 என்பது உண்மையில் எஃப்/22க்குச் சமமாகத்தான் நடந்துகொள்ளும். அதற்கு மேல் மூடினால் ஒளிச்சிதறலில் முழுப்படமும் மங்கும். ஆட்டோஃபோகஸை அணைத்து, லென்ஸை அளவில் நிறுத்தி, உடம்பை முன்னும் பின்னும் அசைத்துக் கண்ணில் கூர்மை விழும் நொடியில் அழுத்த வேண்டும். செடித்தண்டை இடது கையின் இரண்டு விரலால் பிடித்து, லென்ஸை அதே கையின் மணிக்கட்டில் சாய்த்தால் பூச்சியும் கேமராவும் சேர்ந்தே ஆடும். காற்றுத் தொல்லை பாதி தீர்ந்துவிடும்.

ஃபிளாஷ்: மேனுவல், 1/8 அல்லது 1/16 பவர், ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200. படத்தின் தரம் டிஃப்யூசரில், அதாவது வெளிச்சத்தை மென்மையாக்கும் திரையில், இருக்கிறது. டிவி பெட்டிக்குள் சுற்றிவரும் வெள்ளை நுரைத்தாளை ஏ4 அளவுக்கு இரண்டாக வெட்டி, நடுவில் நான்கு விரல் இடைவெளி விட்டு, லென்ஸுக்கு மேல் முன்பக்கம் வளைந்து இறங்கும்படி கட்டுங்கள். ஒரே அடுக்கு போட்டால் நடுவில் வெள்ளைப்புள்ளி விழும். சிலந்தியின் முன்னிரண்டு பெரிய கண்களை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் டிஃப்யூசரின் வடிவம் அப்படியே அதில் தெரியும். ஓரம் வரை சீராக வெள்ளையாக இருந்தால் சரி. நடுவில் சுட்டெரிக்கும் ஒரு பொட்டு தெரிந்தால் அடுக்குகளை இன்னும் விலக்குங்கள்.

பின்னணி கருப்பாகிவிடுகிறது என்பவர்கள், பூச்சிக்கு ஒரு சாண் பின்னால் ஓர் இலையைப் பிடித்துப் பாருங்கள். ஃபிளாஷ் வெளிச்சம் தூரத்துக்குத் தேய்வதால்தான் இருட்டு.

மாமரம் உள்ள வீட்டார் செவ்வெறும்புக் கூட்டத்தைக் கூர்ந்து கவனியுங்கள். அதில் ஒன்று தனியாக, உணர்கொம்பால் உரசி யாரிடமும் பேசாமல் திரிந்தால் அது எறும்பு வேஷம் போட்ட சிலந்தியாக இருக்கலாம். முன்னிரண்டு கால்களைத் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டும். எட்டுக் கால் எண்ணிவிட்டால் உறுதி. விரட்டினால் நூல் விட்டுத் தொங்கும். எந்த எறும்பும் அதைச் செய்யாது.

தஞ்சாவூர்

குழந்தைகள் படத்துக்கு ஃபிளாஷே வேண்டாம் என்பது என் கட்சி. கிழக்கு ஜன்னலில் நேர் வெயில் விழுந்தால் நாலு முழ வேட்டியை ஒற்றையாகக் கட்டுங்கள். வெள்ளை வேட்டியைவிட நல்ல டிஃப்யூசர் கடையில் இல்லை. பிள்ளையை ஜன்னலிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, பக்கவாட்டு வெளிச்சத்தில் உட்கார வைத்து ஏதாவது வேலை கொடுங்கள்: பூண்டு உரிப்பது, பூ கட்டுவது, பட்டாணி உரிப்பது. கை வேலையில் இருந்தால் முகம் கேமராவை மறந்துவிடும். நிழல் பக்கம் மிக இருண்டால் இன்னொரு வேட்டியைத் தரையில் விரித்தால் போதும், தாடைக்கு அடியில் வெளிச்சம் ஏறும்.

டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தோடு கலந்தால் முகத்தில் ஒரு பக்கம் ஒரு நிறமும் மறுபக்கம் வேறொன்றும் விழும், எந்த எடிட்டிங்கிலும் இது முழுதாகத் தீராது. அடுத்த தொல்லை சுவர். பச்சைப் பெயின்ட் அடித்த அறையில் கழுத்துக்குக் கீழே பச்சை ஏறும். அந்த அறையில் கருப்பு வெள்ளையாக மாற்றுவதே மேல். சிவப்பு சிமென்ட் தரை மட்டும் விதிவிலக்கு, மாநிறத் தோலுக்கு அது தரும் சூடு எனக்குப் பிடிக்கும்.

ஷட்டர்: உட்கார்ந்திருந்தால் 1/125, ஓடினால் 1/500. எஃப்/2.8. ஐஎஸ்ஓ 3200 போனாலும் பரவாயில்லை, புள்ளி தெரிந்தாலும் பாட்டி சட்டம் போட்டு மாட்டுவார், ஆடிய படத்தை மாட்டமாட்டார். இரவில் எல்இடி விளக்கில்தான் எடுக்க முடியும் என்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வேறு வேகத்தில், அதுவும் எலக்ட்ரானிக் ஷட்டரில், பட்டை பட்டையாகக் கோடு விழும்.

கோயம்புத்தூர்

பறவைக்கு மண்தட்டுத் தண்ணீர். ஆழம் இரண்டு விரற்கடைக்கு மேல் வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவாவிட்டால் பறவை வருமுன் கொசு வந்துவிடும். தட்டை மதில்மேல் வைக்காமல், பூனை பதுங்க முடியாத, ஆனால் ஒரு செடி எட்டும் தூரத்தில் வையுங்கள். பறவை முதலில் செடியில் உட்கார்ந்து நோட்டம் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். அந்த இடத்தில் ஒரு நல்ல குச்சியை நட்டால் படம் அங்கேயே அமைந்துவிடும். குச்சிக்குப் பின்னால் பத்தடி காலியாக இருந்தால் பின்னணி தானாகக் கரையும். சமையலறை ஜன்னலே மறைவிடம். கொசுவலை வழியாக எடுத்தால் படம் வெளிறிப்போகும், ஒரு சின்னக் கதவு மட்டும் திறக்கும்படி வையுங்கள். 250 மி.மீ., 1/800, ஐஎஸ்ஓ ஆட்டோ 1600 வரை.

தேன்சிட்டுக் கூடு பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வராண்டா வயரிலும் துணிக்கொடியிலும் தொங்கும் அந்தப் பை சிலந்திநூலால் பின்னியது. வெளியே மரப்பட்டைச் சீவலும் புழு எச்சமும் ஒட்டியிருக்கும், வாசலுக்கு மேல் சின்னத் தாழ்வாரம் கூட உண்டு. ஆசை வரும், தெரியும். ஆனால் மறைக்கிற இலையை ஒதுக்கினால் காகத்துக்கு வழிகாட்டுகிறீர்கள், வெயிலும் நேரே கூட்டில் விழும். அடைகாப்பது பெண் மட்டும், இரண்டு வாரம் போல. அது வாயில் இரையோடு பக்கத்துக் கொடியில் உட்கார்ந்து உள்ளே போகத் தயங்கினால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள், உடனே விலகுங்கள். நம் பறவைக் குழுக்கள் பலவும் புகைப்படப் போட்டிகள் பலவும் கூட்டுப் படத்தை ஏற்பதே இல்லை, அது சரியான முடிவு. கூட்டை விட்டுவிட்டு, ஆண் சிட்டு பைக் கண்ணாடியில் தன் பிம்பத்தோடு சண்டை போடுவதை எடுங்கள். இரண்டு படம் எடுத்ததும் கண்ணாடியை ஒரு துணியால் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் பொழுதெல்லாம் அது அங்கேயே களைத்துப்போகும்.

2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு இதே தட்டு முன் 15 நிமிடம் நின்றாலே ஒரு பட்டியல் ஆகிவிடும். பிள்ளைகளிடம் எண்ணும் வேலையைக் கொடுங்கள்.

வீட்டுப் பக்கத்து உயிர்களை எடுப்பது சின்ன வேலை என்று நினைப்பவர்களுக்கு: இயற்கை எழுத்தாளரும் காட்டுயிர்ப் புகைப்படக்காரருமான மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் எழுதிய பத்தியில் யானைக்கு இருந்த மரியாதை காகத்துக்கும் அணிலுக்கும் இருந்தது. தன் கேமராவையே பல பாகங்களைச் சேர்த்து அவரே கட்டிக்கொண்டார்.

சென்னை

கடலோரத்தில் இருப்பவர்கள் முதலில் லென்ஸைக் காப்பாற்றுங்கள். ஈரப்பதம் தொடர்ந்து 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும், சிலந்திவலை மாதிரி. டார்ச்சை லென்ஸின் ஒரு முனையில் அடித்து மறுமுனையில் சாய்வாகப் பார்த்தால் தெரியும். டிரை கேபினெட் வாங்க முடியாவிட்டால் ரப்பர் விளிம்புள்ள 15 லிட்டர் டப்பா, கால் கிலோ சிலிக்கா ஜெல், ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி. அளவு 40க்கும் 50க்கும் நடுவே நிற்க வேண்டும். 30க்குக் கீழே போனால் ரப்பரும் மசகும் காயும். நீல ஜெல்லில் கோபால்ட் இருப்பதால் குழந்தைகள் உள்ள வீட்டில் கோபால்ட் இல்லாத வகையை வாங்குங்கள். அரிசிக்குள் கேமராவைப் புதைப்பது வேண்டாம், மாவுத்தூசி மூட்டுகளில் ஏறும். பாச்சை உருண்டையும் கூடவே ஆகாது. தோல் பை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

ஏசி அறையிலிருந்து மொட்டை மாடிக்குப் போகும்போது கேமராவை ஜிப் கவரில் போட்டு அரை மணி வெளியே வைத்த பிறகே திறங்கள். நீர்த்திவலை கவர்மேல் படியும், லென்ஸ்மேல் படியாது.

இன்னொன்று, மார்கழிக் கோலம். ஈரத்தரை இருட்டாக இருப்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டி, வெள்ளைக் கோட்டை எரித்துவிடும். எக்ஸ்போஷரை மைனஸ் முக்கால் அல்லது ஒன்று வையுங்கள். சூரியன் எழும்பும் ஆறரை மணியை ஒட்டிச் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் மாவின் மேடு பள்ளம் தெரியும். எட்டு மணிக்கு அது போய்விடும். பச்சரிசி மாவில் போட்ட கோலம் என்றால் கொஞ்சம் பொறுங்கள், எறும்பு வந்து ஒவ்வொரு துகளாகத் தூக்கிப் போகும். கல்மாவுக்கு வராது. எறும்பைக் குனிந்து எடுப்பதைவிட, தரையோடு தரையாகக் கேமராவை வைத்து ஸ்கிரீனைப் பார்த்து எடுத்தால் பின்னால் புள்ளிகள் மங்கலாக விழும்.

திருநெல்வேலி

எடுத்ததைக் கொஞ்சமாவது காகிதத்துக்குக் கொண்டுவாருங்கள். 4க்கு 6 பிரின்டுக்கு 1200க்கு 1800 பிக்சல் போதும், 12க்கு 18க்கு 2400க்கு 3600 இருந்தாலே சுவரில் நன்றாக நிற்கும். போன் படம் 4:3 அளவு என்பதால் 4க்கு 6 கேட்டால் படுக்கவாட்டுப் படத்தில் மேலும் கீழும் வெட்டுவார்கள், தலை போகும். நீங்களே 3:2க்கு வெட்டிக் கொடுங்கள். கலர் எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான அமைப்பில் இருக்கட்டும். கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும். "ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்" என்றும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மெஷின் மாநிறத்தை வெளுத்துவிடும். கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும் படத்துக்கு மேட் தாள். பளபளத் தாள் மழைக்காலத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகத்தோடு உரிந்து வரும். நடுவில் ஓர் அட்டை மவுன்ட் கேட்டு வாங்கினால் அந்த ஒட்டல் வராது.