நாலு பேர், நாலு மர வில்: ஐஎல்எஃப்-க்கு மாறும்போது எதை முதலில் வாங்குவது?

தாரணி_வில்:
எல்லோரும் வலக்கை. இழுப்பு நீளம் அங்குலத்தில்: கணவர் 29, நான் 26, மகள் (13) 25, மகன் (9) 22. எல்லாமே திருகு வைத்துப் பூட்டும், பிரித்துச் சேர்க்கும் மர டேக்டவுன் வில். லிம்பில் (மேலும் கீழும் வளையும் பகுதி) போட்டிருக்கும் இழுவை எடை கணவருக்கும் எனக்கும் 24 பவுண்டு, மகளுக்கு 20, மகனுக்கு 14. எந்தத் தயாரிப்பாளரின் லிம்பும் பொருந்தும் பொது அமைப்பான ஐஎல்எஃப்-க்கு மாறப்போகிறோம். நாலு பேருக்கும் ஐஎல்எஃப் ரைசர் (நடுவில் பிடிக்கும் பகுதி) வேண்டுமா, அல்லது லிம்பைக் கைமாற்றிக்கொள்ள முடியுமா? கணவருடைய கார்பன் அம்புகளைத்தான் நானும் மகளும் எய்கிறோம். மகளுக்கு மட்டும் அம்பு எப்போதும் இடப்பக்கம் போகிறது. இரண்டு நாண்களில் பிசிறு வேறு.

முறுக்கு_நாண்:
நாலு ரைசர் வேண்டாம். முதலில் கணவருக்கு 25 அங்குல ரைசர், 26 பவுண்டு மீடியம் (நடுத்தர நீள) லிம்ப். அது 68 அங்குல வில். லிம்பில் எழுதியிருப்பது 28 அங்குல இழுப்புக்கான எடை. அங்குலத்துக்கு சுமார் 2 பவுண்டு ஏறும் இறங்கும் என்பதால் அவர் விரலில் 28 விழும்.

அவர் அடுத்த லிம்புக்குப் போகும்போது இந்த ஜோடி உங்களுக்கு வரட்டும். உங்களுக்கு 23 அங்குல ரைசர். அதே மீடியம் லிம்பைப் பூட்டினால் 66 அங்குல வில். சின்ன ரைசரால் சுமார் 2 பவுண்டு கூடும், இழுப்பு குறைவதால் 4 குறையும்: 26 + 2 − 4 = 24. இப்போது நீங்கள் இழுப்பது 20 தான். அதனால் லிம்பை ரைசரில் அழுத்திப் பிடிக்கும் டில்லர் போல்ட்டைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குள் தளர்த்தித் தொடங்குங்கள். பூட்டுத் திருகைத் தளர்த்தாமல் போல்ட்டைத் திருப்பினால் மரை போய்விடும். மேலும் கீழும் ஒரே சுற்று எண்ணிக்கை.

கிளிக்கர்_சத்தம்:
கணக்கு சரி, ஒரு திருத்தம். எடை குறைந்த லிம்பில் அங்குலத்துக்கு 2 பவுண்டு வராது, ஒன்றோ ஒன்றரையோதான். மகள் விஷயத்தில் கணக்கை நம்பாமல் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசின் கொக்கியை நாணில் மாட்டி, அவள் இழுக்கும் நீளம் வரை இழுத்துப் பாருங்கள். பையன் வளர்கிற வேகத்துக்கு அவனுக்கு இப்போது எதுவும் வாங்க வேண்டாம்.

ஸ்பைன்_பைத்தியம்:
இடப்பக்கம் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அம்பு. ஸ்பைன் என்பது அம்பு எவ்வளவு வளையும் என்பதன் எண்; அது கூடக் கூட அம்பு மென்மை. கணவர் இப்போது இழுக்கும் சுமார் 25 பவுண்டுக்குப் பொருந்தும் அம்பு, மகள் இழுக்கும் சுமார் 15 பவுண்டில் வளையவே வளையாது. வலக்கைக்காரருக்கு விறைத்த அம்பு இடப்பக்கம் போகும். போகிற வழியில் ரைசரில் தட்டும் சத்தமும் கேட்கும். அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் பிளஞ்சரின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி இதை மூடி மறைக்காதீர்கள்.

மகளுக்குத் தனி அம்பு, ஸ்பைன் 1000-க்கு மேல். இழுப்பை விட 2, 3 அங்குலம் நீளமாகவே விடுங்கள். வெட்டினால் விறைப்பு கூடும், திரும்ப நீட்ட முடியாது. பிறகு 18 மீட்டரில் இறகுள்ள அம்பு மூன்றும் இறகில்லாதது ஒன்றும் எய்யுங்கள். இறகில்லாதது இடப்பக்கம் விழுந்தால் இன்னும் விறைப்பு, வலப்பக்கம் விழுந்தால் அளவுக்கு மீறிய மென்மை. கீழே விழுந்தால் நாக்கிங் பாயிண்ட் (நாணில் அம்பு மாட்டும் இடம்) மேலே இருக்கிறது, இறக்குங்கள்.

ஆளுக்கொரு நிற நாக் (நாணில் மாட்டும் அம்பின் வால்முனை). குறைந்த இழுப்புக்கு வெட்டிய அம்பை நீண்ட இழுப்புக்காரர் எடுத்தால் முனை, அம்பு அமரும் ரெஸ்ட்டைத் தாண்டி உள்ளே வந்து, விடும்போது கையில் பாயும். பொதுக் கட்டு கூடாது என்பதற்கு இதுதான் முதல் காரணம், ஸ்பைன் இரண்டாவது.

முறுக்கு_நாண்:
நாண் விஷயம் விட்டுப்போனது. பிசிறு மட்டும் என்றால் மெழுகு தேய்த்து, விரல்களுக்கு இடையே சூடேறும்வரை ஓட்டுங்கள். சர்விங் (நாணின் மேல் சுற்றிய காப்பு நூல்) மேல் மெழுகு வேண்டாம். ஓர் இழை அறுந்திருந்தாலும் நாணை மாற்றிவிடுங்கள். நுனி வலுவூட்டாத மர லிம்புக்கு டேக்ரான் (சற்று நீண்டு கொடுக்கும் பாலியஸ்டர்) தவிர வேறு நாண் போடாதீர்கள்.

நாக் பிடிப்பையும் பாருங்கள். நாணில் அம்பை மாட்டி, முனை கீழே தொங்கும்படி வில்லைக் கிடையாகப் பிடித்து, பக்கத்தில் நாணை விரலால் சுண்டுங்கள். சுண்டியதும் அம்பு கழன்று விழ வேண்டும். சுண்டாமலே விழுந்தால் சர்விங் தேய்ந்துவிட்டது. எய்யும்போது நாக் கழன்றால் அம்பில்லாமல் நாணை விட்டது போல மொத்த விசையும் லிம்பில்தான் இறங்கும்.

பிரேஸ் ஹைட் (பிடியிலிருந்து நாண் வரை உள்ள தூரம்), 68 அங்குல வில்லுக்கு 8.5 முதல் 9 அங்குலம், 66-க்குக் கால் அங்குலம் குறைவு. குறைந்தால் நாணை முறுக்குங்கள். புது நாண் முதல் நூறு அம்புக்குள் நீளும், மறுபடி அளக்க வேண்டும். கழற்றியதும் இரு கண்ணிகளையும் ஒரே கொக்கியில் மாட்டிவைத்தால் முறுக்கு அவிழாது. வீட்டில் நாலு நாண் இருந்தால் பெயர்ச்சீட்டும் கட்டுங்கள், பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்.

கிளிக்கர்_சத்தம்:
நாண் பூட்ட ஸ்டிரிங்கர் (இரு லிம்ப் நுனியிலும் மாட்டி வில்லை வளைக்கும் கயிறு) மட்டும்தான். காலிடுக்கில் வைத்து வளைத்தால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும். வெயிலில் நிற்கும் காருக்குள் வில்லை விட்டால் லிம்பின் ஒட்டுப் பசை விடும். கைமாற்றும் முன் லிம்ப் ஓரத்தில் பஞ்சை இழுங்கள், பஞ்சு மாட்டுகிற இடத்தில் சிலாம்பு கிளம்பியிருக்கிறது. கார்பன் அம்பை ஒவ்வொரு முறையும் லேசாக வளைத்துக் கேளுங்கள், நொறுங்கும் ஓசை கேட்டால் உடைத்துப் போடுங்கள்.

தாரணி_வில்:
சுண்டிப் பார்த்தேன். மகளுடையது விழவே இல்லை, கணவருடையது தானாக விழுகிறது.

முறுக்கு_நாண்:
கணவரின் நாணை இன்றே ஒதுக்கி வையுங்கள், சர்விங் புதிதாகச் சுற்றும்வரை எய்ய வேண்டாம். மகளுக்கு நாணைத் தொட வேண்டியதில்லை. புது அம்புக்கு நாக் வாங்கும்போது பெரிய வாய் உள்ளதாகப் பாருங்கள்.