செல்ல எலிக்குக் கடைசி ஊசி: உங்கள் வீட்டில் எப்படி முடிவெடுத்தீர்கள்?

பெரம்பூரிலிருந்து:

எங்கள் வெள்ளை எலிக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. வளர்ப்பு எலிக்கு ஆயுளே 2, 3 வருடம்தான். பெண் எலிகளுக்கு மார்புக் கட்டி சகஜம். ஒருமுறை ஆபரேஷன் செய்து எடுத்தோம், அப்புறம் வேறு இடத்தில் வந்தது. இந்த வயதில் இன்னொரு ஆபரேஷன் தாங்காது என்றார் டாக்டர்.

கட்டியோடும் அது கொஞ்ச காலம் குஷியாகத்தான் திரிந்தது. அதனால் கட்டியின் அளவை வைத்து நாங்கள் முடிவெடுக்கவில்லை. சமையலறைத் தராசில் தினமும் எடை பார்த்தோம். எலி வலியைச் சுலபத்தில் காட்டிக்கொள்ளாது. கண் இடுங்கி, காது பின்னால் மடங்கி, முதுகு கூனி உட்கார்ந்தால் வலிக்கிறது என்று அர்த்தம். கண்ணோரம் சிவப்பாகக் கசிவது பெரும்பாலும் ரத்தம் இல்லை, போர்ஃபிரின் என்ற நிறமி. தெம்பாக இருக்கும்போது எலியே அதை நக்கித் துடைத்துக்கொள்ளும். எங்கள் எலி துடைப்பதை விட்டுவிட்டது, பிடித்த வேகவைத்த முட்டையையும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அன்றுதான் டாக்டரிடம் ஊசி போட்டு வலியில்லாமல் வழியனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

பாட்டிக்கு மனசே ஆகவில்லை. "பிள்ளையார் வாகனம்டா, நாமளே கொல்லலாமா?" என்றார். "மூச்சுக்கு அல்லாடறதை தினம் பாத்துட்டே இருக்க முடியுமா அத்தை?" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து பாட்டி கேட்டது ஒன்றே ஒன்று: "ஊசி வலிக்குமா?"

அதைத்தான் டாக்டரிடமும் கேட்க வேண்டும். நாய், பூனை பார்க்கும் டாக்டர்கள் ஏராளம். எலி என்றால் ஒரு கிளினிக்கில் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார்கள். எலி, கினி பிக் பார்த்துப் பழகியவரைத் தேடுங்கள். "முதலில் கேஸ் மயக்கம் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவில் நன்றாக மயங்கிய பிறகு, உயிரை நிறுத்தும் பென்டோபார்பிட்டல் ஊசி போட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. முழிப்போடு இருக்கும்போது நெஞ்சில் ஊசி குத்துபவர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மயங்கிய பிறகும் உடம்பு ஒன்றிரண்டு முறை துடிக்கலாம், பயப்படாதீர்கள். இதயம் நின்றதை ஸ்டெதஸ்கோப் வைத்து உறுதி செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று, அந்த மருந்து உடலிலேயே தங்கும். காக்காயோ தெருநாயோ தின்றால் அதற்கும் ஆபத்து. ஆழமாகப் புதையுங்கள், ஃப்ளாட்டின் பூந்தொட்டி போதாது.

வேளச்சேரியிலிருந்து:

கினி பிக் வைத்திருப்பவர்களுக்கு நேர்மாறாக ஒன்று சொல்ல வேண்டும். சாப்பாட்டை நிறுத்திவிட்டதே, இனி முடிந்தது என்று நினைக்காதீர்கள். எங்களுடையது பட்டினி கிடந்ததற்குக் காரணம் கடைவாய்ப் பல் நீண்டு நாக்கில் குத்தியதுதான். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டினோம், பல்லைத் தேய்த்து விட்டார்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் கரைத்த தீவனம் கொடுத்துத் தேற்றினோம். ஆனால் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலே அதற்குக் குடல் நின்றுவிடும், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

அண்ணா நகரிலிருந்து:

ஹாம்ஸ்டருக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன வழி: "ஃப்ரீஸரில் வெச்சா தூங்கிட்டே போயிடும்." சுத்தப் பொய். உயிரோடு உறைய வைப்பது சித்திரவதை. தண்ணீரில் அமுக்குவதும் அப்படித்தான். ஞாயிறு ராத்திரி டாக்டர் கிடைக்காமல் தவிப்பதற்குப் பதில், நோய் முற்றும்போதே வலிக்கு மெலாக்சிகாம் சொட்டு மருந்தை எடைக்கேற்ற அளவோடு டாக்டரிடம் எழுதி வாங்கி வையுங்கள். நாம் போடும் மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம்.