பொருள்: மறு: ‘ஜம்ப் ஸ்கேர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

ஹாலோவீன் திகில் தொகைப் படங்களுக்கு (பல குறுங்கதைகள் சேர்ந்த ஒரே படம்) பார்வையாளர் காட்டும் எதிர்வினைகள் பற்றிய கட்டுரைக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. பார்ப்பவரைத் தூக்கிவாரிப் போடவென்று சட்டென ஒரு சத்தத்தோடு எதையாவது காட்டும் ‘ஜம்ப் ஸ்கேர்’ மட்டும் படியவில்லை. ‘திடுக்கிடும் காட்சி’ என்று எழுதுகிறார்கள். காட்சியா திடுக்கிடுகிறது? படத்தொகுப்பாளர் வைக்கும் உத்தி ஒன்று, இருக்கையில் இருப்பவருக்கு நேர்வது இன்னொன்று. இரண்டுக்கும் தனிச்சொல் தேவை. ‘துணுக்குறல்’, ‘அதிர்ச்சிக் காட்சி’ கைவசம் உள்ளன.

---

> அதிர்ச்சிக் காட்சி

இது வேண்டாம் ஐயா. கதையில் வரும் திருப்பமும் அதிர்ச்சிதான். நாம் பேசுவது உடலின் அனிச்சையை. திடீர்ச் சத்தத்துக்குக் கண்ணிமை 30 முதல் 50 மில்லிநொடிக்குள் மூடத் தொடங்கிவிடும். வந்தது பேயா பூனையா என்று மனம் பிரித்தறிவது அதற்குப் பிறகு. ஒலியை அணைத்துவிட்டு அதே காட்சியைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பிசுபிசுத்துப் போகும். சத்தம் படிப்படியாக ஏறினாலும் பலிக்காது. முன்னால் அமைதி, பிறகு ஒரே வெட்டில் உச்சம்.

1942-இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் இரவில் தனியே நடக்கும் பெண்ணின் காலடியோசை, பின்தொடர்பவளின் காலடியோசை, நிசப்தம், சட்டென்று சீறிக்கொண்டு ஒரு பேருந்து. அவ்வளவுதான். தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் அந்த உத்தியை இன்றும் ‘லூட்டன் பேருந்து’ என்கிறார்கள். ஆகவே சொல்லுக்குள் பேயும் வேண்டாம், ஆபத்தும் வேண்டாம்.

என் முன்மொழிவு: வெருள் – தன்வினை, வெருட்டு – பிறவினை. மருள்/மருட்டு போல. உத்தி ‘வெருட்டு’, பார்ப்பவருக்கு நேர்வது ‘வெருட்சி’. ‘திடுக்கிடு’வுக்கு இப்படி ஒரு சொல்லில் பிறவினை கிடைக்காது, ‘திடுக்கிடச் செய்தல்’ என்று நீட்ட வேண்டும். ஆபத்தே இல்லாத பேருந்து வகைக்குப் ‘பொய்வெருட்டு’.

---

ஈழத்து வழக்கில் ‘வெருட்டாதே’ என்றால் மிரட்டாதே என்றுதான் பொருள். ‘படத்தில் ஏழு வெருட்டுகள்’ என்று படித்தால் வில்லன் ஏழு முறை மிரட்டினான் என்று தோன்றும். ‘திடீர்வெருட்டு’ என்றால் குழப்பம் தீரும். ‘வெருளி’ பக்கம் போக வேண்டாம். அது வயலில் நிற்கும் பொம்மைக்கும் ஃபோபியாவுக்கும் ஏற்கெனவே போய்விட்டது.

---

திடீர்வெருட்டு நன்று; முதல்முறை முழுதாக, பிறகு வெருட்டு என்று சுருக்கலாம்.

தொகைப் படத்தில் இந்தச் சொற்கள் எங்கே விழும் என்பதையும் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்தில் நான்கைந்து கதை என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் இருபது நிமிடம். கதை முடிந்ததும் பதற்றம் அறுந்து, அடுத்ததில் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். பதற்றம் ஏறியிருக்கும்போதுதான் வெருட்சி வலுக்கும். புதுக்கதையின் முதல் நிமிடத்திலேயே வெருட்டு வைத்தால் பாதி வீண். கடைசி நிமிடமும் சிக்கல். இரண்டு கதை பார்த்ததுமே முடிவில் ஏதோ பாயும் என்று கூட்டம் கணக்குப் போட்டுவிடும். ஒரே வகை வெருட்டு அடுத்தடுத்து வந்தாலும் உடல் பழகிப்போகும்.

கேளிக்கைத் திகிலில் இன்னொரு எதிர்வினை உண்டு: அலறல், ஒரு மூச்சு இடைவெளி, அரங்கு முழுக்கச் சிரிப்பு. தொகுப்பாளர் அதற்கு இடம் விடாவிட்டால் அடுத்த வசனம் சிரிப்பில் அமுங்கிவிடும். தொல்காப்பியம் நகைக்குச் சொல்லும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் நான்கில் எதிலும் இது அடங்காது. ‘வெருள்நகை’ என்கலாமா?

---

வெருள்நகை: ஆதரவு. துணுக்குறல் இலக்கிய நடைக்கு இருக்கட்டும்.

> தொகைப் படங்களுக்கு

இதையும் இப்போதே உறுதி செய்துவிடுவோம். சிலர் ‘தொகுப்புப் படம்’ என்று எழுதுவது ‘படத்தொகுப்பு’டன் மோதும். ‘தொகுப்புப் படத்தின் படத்தொகுப்பு’ என்று எழுத நேர்ந்தால் கதை கந்தல். தொகைப் படமே இருக்கட்டும்.

கதைகளைச் சுற்றி நிற்கும் கதைக்கு, ‘கிரீப்ஷோ’வில் (1982) சித்திரக்கதை இதழோடு வரும் சிறுவன் பகுதி போன்றதற்கு, ‘தாய்க்கதை’ என்றால் கிளைக்கதையோடு பொருந்துகிறது. ஆனால் 2007-இல் முதலில் திரையிடப்பட்ட ‘ட்ரிக் ஆர் ட்ரீட்’டில் அப்படித் தனித்த தாய்க்கதை கிடையாது. ஒரே ஊர், ஒரே இரவு. சாக்கு முகமூடிச் சிறுவன் சாம் எல்லாக் கதையிலும் தலைகாட்டுகிறான். ஒரு கதையின் ஓரத்தில் நின்றவர் அடுத்த கதையில் நடுவுக்கு வரும்போது அரங்கில் ‘அட, அவர்தானே!’ என்று சலசலப்பு எழும். அந்தக் கண்டுகொள்ளலுக்கும் ஒரு சொல் தேவை. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், பொருள் வரியை மாற்ற மறக்க வேண்டாம்.