எஸ்பிளனேட் நீரூற்று: வரலாறா, வெறும் அலங்காரமா?

தேக்கா_மணி: ரோம் போய் வந்த நண்பர் த்ரெவி நீரூற்றுப் படத்தைப் போட்டு, “சிங்கப்பூரில் இப்படி ஒன்று உண்டா?” என்று கேட்டார். உடனே நாலு பேர் எஸ்பிளனேட் பூங்காவில் இருக்கும் டான் கிம் செங் நீரூற்றைக் காட்டினார்கள். எனக்கு ஒப்பவில்லை. த்ரெவியின் தண்ணீர் கி.மு. 19இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா போட்ட கால்வாய் வழி வந்தது. சுமார் 20 கிலோமீட்டர், பெரும்பகுதி மண்ணுக்கடியில், சரிவை மட்டும் நம்பி. த்ரெவி அதன் வாசல். நம்முடையது இங்கிலாந்தின் டார்பியில் வார்த்த இரும்பு. 1882இல் ஃபுல்லர்ட்டன் சதுக்கம், 1905இல் பேட்டரி ரோடு, 1925இல் பூங்கா. வீடு மாறிக்கொண்டே இருப்பதற்கு ஊற்றுக்கண் ஏது?

நீர்த்தேக்கவாசி: மணி அண்ணே, பக்கத்துல போய் நின்னு பாத்தீங்களா? நாலு பெண் சிலையோட திரும்பிட்டீங்க போல. கல்வெட்டுல இருக்கு: குடிநீர்த் திட்டச் செலவுக்கு வணிகர் டான் கிம் செங் கொடுத்த நன்கொடையின் நினைவா நகராட்சி ஆணையர்கள் வச்சதுன்னு. 1857இல் 13,000 வெள்ளி! ஊர் கிணத்தையும், சைனாடவுன் கிரேத்தா ஆயர் பக்கம் தண்ணி ஏத்திப் போன மாட்டு வண்டியையும் நம்பியிருந்த காலம் அது. இந்த நீரூற்றோட கால்வாய் தாம்சன் ரோட்டுல இருக்கு. மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கம்தான் அது.

கணக்குப்புள்ள: அந்த 13,000 வெள்ளி என்ன ஆச்சுன்னும் சொல்லுங்க. அரசாங்கம் சொதப்பி வீணடிச்சது. மனுஷன் 1864இல் போய்ச் சேர்ந்துட்டார். 1868இல் நீர்த்தேக்கம் முடிஞ்சும் பம்பும் குழாயும் தயாராக 1877 ஆச்சு. கட்டின தேக்கம், நிறைஞ்ச தண்ணி, ஊருக்குள்ள வர வழியில்லை! அப்புறம் நன்றின்னு சிலை. எனக்கு இது மன்னிப்புக் கடிதமாத்தான் தெரியுது.

தேக்கா_மணி: இதைத்தான் நானும் சொல்கிறேன், தம்பி. சரிவில் தானாக வந்த தண்ணீர் வேறு, பம்பு வைத்து ஏற்றியது வேறு. த்ரெவி தெருமட்டத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது, ஏன்? வரும் தண்ணீரின் அழுத்தம் அவ்வளவுதான். இடம்தான் அதன் வடிவத்தைத் தீர்மானித்தது. நம்முடையதை எங்கே தூக்கி வைத்தாலும் ஒன்றுதான்.

நீர்த்தேக்கவாசி: த்ரெவியில இப்போ சுத்தறதும் பம்புத் தண்ணிதான், அண்ணே! உங்க கணக்குப்படி அதுவும் அலங்காரம்தான். சரிவுதான் வேணும்னா நம்ம ஊர்லயும் இருந்துச்சு. பம்பு பண்ணின தண்ணியை 1878இல் மவுண்ட் எமிலி மேட்டுல தேக்கி, அங்கிருந்து இறக்கினாங்க. அந்தத் தொட்டிதான் 1931இல் பொது நீச்சல் குளமாச்சு. தேக்காவுக்குப் பின்னாடிதானே, நீங்க பாக்காததா?

கணக்குப்புள்ள: 1981இல் அந்தக் குளத்தையும் மூடிட்டாங்க. நீரூற்றை மட்டும் 2010இல் தேசிய நினைவுச்சின்னம் ஆக்கினாங்க. தண்ணி கொடுத்த தொட்டிக்கு மரியாதை இல்ல, படம் எடுக்குற இரும்புக்கு உண்டு.

தேக்கா_மணி: தொட்டிக்காக நீ மனு எழுது, முதல் கையெழுத்து என்னுடையது. நீரூற்றுக்குப் போட மாட்டேன்.

நீர்த்தேக்கவாசி: கையெழுத்து இருக்கட்டும் அண்ணே, சனிக்கிழமை பூங்காவுக்கு வாங்க, கல்வெட்டை நானே படிச்சுக் காட்டுறேன்.