வயல் மண்ணில் வெடிமருந்து: சோதித்துப் பார்த்த அனுபவம்

மன்னார்குடிப் பக்கம் எண்ணெய் தேடும் ஆய்வுக்காகச் சில வயல்களில் துளை போட்டு வெடி வைத்துவிட்டுப் போனார்கள். கோடையில் ஒரு வயல்காரர் வந்து கேட்டார்: "சார், இந்த மண்ணுல நாத்து விடலாமா?" மேட்டூர் திறப்பதற்குள் அவருக்குப் பதில் வேண்டும்.

வயலிலேயே செய்யும் நிறச் சோதனைதான் கைகொடுத்தது. மண்ணை அசிட்டோனில் குலுக்கி வடிகட்டி, அதில் காரம் சேர்த்தால், டிஎன்டி என்ற வெடிமருந்து இருந்தால் சிவக்கும். ஆர்டிஎக்ஸ், பிஇடிஎன் போன்ற வெடிமருந்துகளுக்கு வேறு வழி: துத்தநாகத் தூளும் அமிலமும் சேர்த்து நைட்ரைட்டாக மாற்றி, நைட்ரைட்டைக் காட்டிக்கொடுக்கும் கிரீஸ் (Griess) வினைப்பொருளைப் போட்டால் இளஞ்சிவப்பு வரும். கிலோ மண்ணுக்கு 1 மில்லிகிராம் அளவில் இருந்தாலே நிறம் காட்டிவிடும்.

நம்ம டெல்டாவில் சிக்கல் யூரியாதான். போட்ட யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறும். துத்தநாகம் அதையும் நைட்ரைட்டாக்கும். வெடியே வைக்காத பக்கத்து வயல் மண்ணையும் கூடவே எடுத்திருந்தேன். அந்தக் குப்பியும் அழகாகச் சிவந்து நின்றது! இரண்டு மண்ணின் வடிநீரையும் நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்ளும் அயனிப் பரிமாற்றப் பிசின் வழியே விட்டு மறுபடி செய்தபோது இரண்டுமே நிறமில்லாமல் வந்தன. பக்கத்து மண் இல்லையென்றால் அவருடைய பயத்துக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

டிஎன்டி சோதனையில் எரு போட்ட மண்ணின் மஞ்சள் நிறம் குழப்பும். அதனால் காரம் சேர்க்கும் முன்பே நிறத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் நம்ம களிமண் கல்லாகக் காய்ந்து கிடக்கும். இரண்டு மூன்று நிமிடம் குலுக்கினால் உள்ளே இருப்பது கரையாது, கட்டியை நன்றாக உடைத்துக்கொண்டு அதிக நேரம் குலுக்க வேண்டும். எச்சம் மண்ணில் சமமாகப் பரவி இருக்காது, துகள் துகளாகத்தான் கிடக்கும். ஒரே இடத்து மண்ணை நம்பாமல், துளையைச் சுற்றிப் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலப்பதுதான் சரி.

வயலில் வந்த முடிவை மட்டும் வைத்து நாற்று விடச் சொல்ல மனம் வரவில்லை. அதே மண்ணை ஆய்வகத்தில், கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் பார்த்து, அங்கேயும் எதுவும் இல்லை என்று வந்த பிறகே அவரிடம் சொன்னேன்.

கட்டியாக மருந்து தெரிந்தாலோ, துளையிலிருந்து ஒயர் நீட்டிக்கொண்டிருந்தாலோ மண் எடுக்கவே போகாதீர்கள். ஆடு மாடு அண்டாமல் பார்த்துக்கொண்டு உடனே போலீஸுக்குச் சொல்லுங்கள். மண்ணின் எடையில் வெடிமருந்து 10 சதவீதத்தைத் தாண்டினால், அந்த மண்ணும் வெடிக்கக்கூடியது என்று வைத்துத்தான் கையாள வேண்டும்.